வெங்காயம் வதங்கும் நிறத்தில் ஒரு போர் விமானம்

ஒட்டி முடித்து, இணைப்புகளில் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமரும் அடித்துவிட்ட ஒரு மாடல், ஜப்பானின் ஜீரோ போர் விமானம், ஐந்து மாதங்களாக என் மேசையில் நிறமில்லாமல் நின்றது. அசலில் 1/72 அளவிலான, ஒட்டிச் செய்யும் கிட் என்பதால் ஓர் இறக்கை முனையிலிருந்து மறுமுனைக்குப் பதினாறரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். இவ்வளவு சிறிய பொருளுக்கு ஒரே ஒரு சாம்பல் நிறம் அடிக்க ஐந்து மாத யோசனையா என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது, சற்று நீளமான பதில்.

நான் செய்ய நினைத்தது ஜப்பானியக் கடற்படையின் ஸுய்காகு என்னும் விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த ஏ6எம்2, அதாவது ஜீரோவின் 21ஆம் மாதிரி. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றுக்குக் காவலாக 36 ஜீரோக்கள் வந்தன. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலைத் துறைமுகமும் அதையொட்டிய சைனா பே விமானத்தளமும் தாக்கப்பட்டன. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. திருகோணமலைக்கு வந்தவற்றில் ஸுய்காகுவின் ஜீரோக்களும் இருந்தன. அவற்றின் பின்னுடலில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், வாலில் கப்பலைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும், இறக்கையிலும் உடலிலும் ஹினோமாரு எனப்படும் சிவப்பு வட்டம், எஞ்சின் மூடி மட்டும் நீலச்சாயல் கொண்ட கறுப்பு. இவற்றைப் பற்றி மாடல் செய்பவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. மீதியுள்ள பரப்பு முழுவதையும் மூடியிருந்த அந்த ஒற்றை நிறத்தைப் பற்றித்தான் சண்டை, அதுவும் பல பத்தாண்டுகளாக.

பழைய கிட்களின் குறிப்புத்தாள் அதை வெளிர் சாம்பல் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடும். பிறகு வந்த பெயின்ட் குப்பிகள் அவ்வளவு எளிதாக விடவில்லை. டாமியாவின் வரிசையில் எக்ஸ்எஃப்-12 ஜப்பானியக் கடற்படைச் சாம்பல், எக்ஸ்எஃப்-76 அதே கடற்படையின் சாம்பல்பச்சை. மிஸ்டர் கலர் வரிசையில் மிட்சுபிஷி தொழிற்சாலைக்கு ஒரு குப்பி, நாகாஜிமா தொழிற்சாலைக்கு வேறொரு குப்பி. ஜீரோவை வடிவமைத்தது மிட்சுபிஷி என்றாலும் 1941இன் கடைசியிலிருந்து நாகாஜிமாவும் அதே விமானத்தைக் கட்டியது என்பதால் இந்தப் பிரிவு. நான் இவற்றில் மூன்றை வாங்கி, வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டைத் துண்டுகளில் அடித்துக் காயவைத்து, வரிசையாக அடுக்கினேன். ஒன்று மழைமேகச் சாம்பல், ஒன்று காய்ந்த வாழைச்சருகுக்கும் பாசிக்கும் இடைப்பட்ட ஒரு மந்தநிறம், மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். ஒரே விமானத்துக்கென்று விற்கப்படும் மூன்று நிறங்கள், அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு விலகி நின்றன.

இந்த விலகலின் மையத்தில் ஒரு ஜப்பானியச் சொல் இருக்கிறது. யோகோசுகாவில் இருந்த கடற்படையின் வானூர்தித் தொழில்நுட்பக்கூடம் 1942 பிப்ரவரியில், ஜீரோவுக்கு உருமறைப்பு நிறம் அடிப்பது பற்றி ஓர் ஆய்வறிக்கை தயாரித்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாமலிருக்க என்ன நிறம் பூசலாம் என்பதுதான் ஆய்வு. அதில் போகிறபோக்கில் அன்றைய நிறத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு வருகிறது: அப்போது பூசப்பட்டு வந்தது ஜே3 என்ற குறியுடைய சாம்பல், அது சற்றே ‘அமே-இரோ’ பக்கம் சாய்ந்தது, பளபளப்பானது. எழுதியவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப்புள்ளி வேண்டுமே என்று எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் உலகெங்கும் உள்ள மாடல்காரர்கள் மோதிக்கொண்டது பெரும்பாலும் அந்த அரைவரியைப் பற்றித்தான்.

அமே என்றால் மாவுச்சத்தை முளைகட்டிய தானியத்தோடு சேர்த்துக் காய்ச்சி எடுக்கும் பாகு, அதிலிருந்து செய்யும் மிட்டாய். இரோ என்றால் நிறம். ஆகவே பாகு நிறம் என்று பெயர்க்கலாம். பனங்கற்கண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரியும் அந்தத் தெளிந்த மஞ்சள்பழுப்பு ஏறக்குறைய அதுதான். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஒரு கூட்டம் ஜீரோவைக் காப்பித்தூள் கலந்த பால்போல ஆக்கிவிட்டது. பழுப்பேறிய ஜீரோக்களைப் பல கண்காட்சிப் படங்களில் பார்த்திருக்கிறேன். இன்னொரு கூட்டம் இதெல்லாம் கட்டுக்கதை, சாம்பல் என்றால் சாம்பல்தான் என்று கதவைச் சாத்திக்கொண்டது.

எனக்குத் தெளிவு வந்தது சமையல் குறிப்பிலிருந்து. ஜப்பானியச் சமையலில் வெங்காயத்தை அமே-இரோ வரும்வரை வதக்கச் சொல்வார்கள். நம் குறிப்புகளில் அதே இடத்தில் ‘பொன்னிறமாக வதக்கவும்’ என்று இருக்கும். பொன்னிறம் என்று எழுதியிருக்கிறதே என்று நகையைக் கழற்றி வாணலிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர் யாராவது உண்டா? வெள்ளை வெங்காயம் எந்தப் பக்கமாக நகர வேண்டும் என்று அந்தச் சொல் காட்டுகிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண்ணும் மூக்கும் பார்த்துக்கொள்ளும். அறிக்கை எழுதியவரும் சாம்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்றுதான் சொன்னார், அதையும் ‘சற்றே’ என்று அடக்கித்தான் சொன்னார். சாம்பலில் மஞ்சள்பழுப்பு சற்றே சேர்ந்தால் என்ன ஆகும் என்பது வண்ணம் கலக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பச்சை தலைகாட்டும். கறுப்போடு மஞ்சளைச் சேர்த்தால் பழுப்பு வராது, ஆலிவ் பச்சைதான் வரும். இந்த நிறத்தைச் சாம்பல்பச்சை என்று சொல்பவரும் பாகுச்சாம்பல் என்று சொல்பவரும் ஒரே தகட்டை இரண்டு பக்கமாக நின்று பார்க்கிறவர்களாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது அப்போதுதான். நிறச்சொல் என்பதே அப்படிப்பட்டது; திருமாலைப் பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் மாற்றி மாற்றிப் பாடி, அதில் முரண் எதையும் காணாத மொழி நம்முடையது. ஜப்பானிய மொழியின் ‘அவோ’வும் நீலத்தையும் பச்சையையும் தன் கீழ் வைத்துக்கொண்டிருக்கும் சொல்தான். ஜீரோவின் உட்பகுதித் தகடுகளில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய நீலப்பச்சை லாக்கரின் பெயர் அவோதகே, பச்சைமூங்கில் என்று பொருள்.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம் என்றால், மிஞ்சிய பொருள் நம்மை வேறு விதமாக ஏமாற்றுகிறது. முழு ஜீரோக்கள் கைக்குக் கிடைத்தும் நிறம் தங்கவில்லை. 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயின் நீஹாவ் தீவில் இறங்கிய விமானத்தை அதன் விமானியே கொளுத்திவிட்டார்; எஞ்சியது கரிந்த கூடு. 1942 ஜூன் 4 அன்று அலூஷியன் தீவுகளில் அகுட்டான் தீவுச் சதுப்பில் தலைகீழாகக் கவிழ்ந்த இன்னொன்று, பெரிய சேதமில்லாமல் அமெரிக்கர் கையில் கிடைத்தது. அதை சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு, செப்டம்பரில் தங்கள் கடற்படையின் நிறத்தை அடித்துப் பறக்கவிட்டார்கள். போர்க்காலத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டது அது எப்படித் திரும்பும், எங்கே தடுமாறும் என்ற செய்தி. அதன் மேல்பூச்சைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஆக, ஆய்வாளர்கள் நம்ப வேண்டியிருப்பது சேகரிப்பாளர்களின் கையில் உள்ள, உள்ளங்கையளவும் அதற்குக் குறைவுமான சிதைவுத் துண்டுகளை.

அந்தத் துண்டுகளைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் எங்கள் தெருமுனையில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். மாமாவின் பழைய காருக்குக் கதவில் மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தபோது நிறத்தின் பெயரைச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. “பேரைச் சொன்னா கலர் வராது தம்பி, வண்டியக் கொண்டாங்க” என்றார். வண்டி வந்ததும் அவர் கதவைப் பார்க்கவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, அதன் உள்விளிம்பைத் துணியால் துடைத்துக் காட்டினார். பானெட் வெளுத்து, தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. மூடியின் உள்ளே அதே நிறம் ஆழமாகவும் மினுமினுப்பாகவும் இருந்தது. “அண்ணே, இதுல எதுக்கு மேட்ச் பண்ணுவீங்க?” என்று கேட்டேன். “ஷோரூம்ல நின்ன வண்டி வேணும்னா இது. ரோட்டுல நிக்கிற வண்டி வேணும்னா அது. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றார்.

ஜீரோவின் துண்டுகளிலும் நடந்தது இதுவேதான். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பூச்சின் பிசினைச் சிதைக்கிறது. பிடிமானம் இழந்த நிறமித்துகள் மேலே மாவாக நிற்கிறது. மாவு வெள்ளொளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நிறம் வெளுத்துச் சாதாரணச் சாம்பலாகத் தெரிகிறது. அந்தத் துண்டை நுண்ணிய வாட்டர் பேப்பரால் ஈரத்தில் மெல்லத் தேய்த்தால், அடியிலிருந்து கரும்பச்சைச் சாயலுள்ள, பளபளப்பான ஆலிவ் சாம்பல் வெளிவருகிறது. வெளிர் சாம்பல் கட்சியும் ஆலிவ் கட்சியும் ஒரே துண்டின் இரண்டு ஆழங்களைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்திருக்கின்றன. இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. பழைய எண்ணெய்ப் பிசின் பூச்சுகள் வெளிச்சம் படாமல் பெட்டிக்குள் கிடந்தால் மெல்ல மஞ்சளிக்கும். எண்பது ஆண்டு இழுப்பறையில் இருந்த துண்டு பாகு நிறமாகத் தெரிந்தால், அதில் தொழிற்சாலை கொடுத்த பங்கு எவ்வளவு, இழுப்பறை கொடுத்த பங்கு எவ்வளவு? இங்கேதான் அந்த 1942 அறிக்கையின் அரைவரி எனக்குப் பொன்னாகத் தெரிகிறது. அதை எழுதியவர் முன்னால் இருந்தது சேவைக்கு வந்து இரண்டாண்டு ஆகாத விமான வகை. அவர் பார்த்த பாகுச்சாயல் இழுப்பறையில் வந்ததாக இருக்க முடியாது. ஆகவே சாயல் உண்மை, அளவுதான் கேள்வி என்ற முடிவுக்கு வந்தேன். இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

புகைப்படங்களை வைத்துத் தீர்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தைப் படிப்பது குரலைக் கேட்டு உயரத்தைச் சொல்வது போன்றது. அன்று புழக்கத்திலிருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. ஹினோமாரு அதில் கறுப்பு வட்டமாக விழும். நீலம் வெளுத்துப்போகும், மஞ்சள் உண்மையைவிட இருண்டு தெரியும். பான்குரோமாட்டிக் பிலிம் எல்லா நிறத்தையும் பதியும் என்றாலும் முன்னால் மஞ்சள் வடிகட்டி வைத்திருந்தால் கணக்கு மறுபடி மாறும். எந்த பிலிம், எந்த வடிகட்டி, எந்த நேரத்து வெயில் என்று தெரியாமல் ‘இதோ பாருங்கள், எவ்வளவு வெளிறியிருக்கிறது’ என்று ஒரு படத்தைக் காட்டுவதில் பொருளே இல்லை. படத்திலிருந்து நம்பி எடுக்கக்கூடியது ஒன்று உண்டு: வெயில் பட்ட இறக்கையில் விழுந்திருக்கும் மினுக்கம். 1942இல் கப்பல் தளத்தில் எடுத்த ஜீரோ படங்களில் அது தெளிவாகத் தெரிகிறது. பளபளப்பானது என்ற அறிக்கையின் சொல்லுக்கு அது சாட்சி.

எண்ணைச் சொல்லிவிட்டால் சண்டை தீரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது. ஜீரோவுக்குப் பலரும் சொல்லும் எண்களில் ஒன்று எஃப்எஸ் 16350. அமெரிக்க அரசின் கூட்டாட்சித் தரம் 595இல் முதல் இலக்கம் மினுக்கத்தைக் காட்டும்: 1 என்றால் பளபளப்பு, 2 பாதி மினுக்கம், 3 மங்கல். இரண்டாவது இலக்கம் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். கடைசி மூன்றும் ஏறக்குறைய எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் வரிசை. ஆகவே 16350 என்றாலே பளபளப்பான, நடுத்தரமான ஒரு சாம்பல் என்று எண்ணே சொல்லிவிடும். எஃப்-16 விமானம் செய்கிறவருக்கு இந்த எண்கள் வேதம். அந்த விமானத்துக்கே அந்த எண்ணைச் சொல்லித்தான் பெயின்ட் வாங்கினார்கள். ஆனால் இந்தத் தரம் வெளியானது 1950களில். இரண்டாம் உலகப்போரின் எந்த விமானமும், அமெரிக்க விமானம் உட்பட, இந்த எண்ணைப் பார்த்துப் பூசப்பட்டதில்லை. ஜீரோவுக்கு எஃப்எஸ் எண் சொல்வது, இந்தப் புத்தகத்தில் உள்ள சில நூறு சதுரங்களில் அதற்குப் பக்கத்தில் வருவது இது என்று சொல்வதுதான். அந்தப் பக்கம் எவ்வளவு பக்கம் என்பதை எண் சொல்லாது. நிறத்தின் சாயல், வெளிச்சம், செறிவு மூன்றையும் தனித்தனியே அளக்கும் மன்செல் முறை இதற்கு எவ்வளவோ மேல், இரண்டு சதுரங்களுக்கு நடுவில் உள்ளதையும் அதில் சொல்லலாம்.

ஜப்பானியருக்குத்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். அதே ஏப்ரலில் கொழும்பிலும் சைனா பேயிலும் ஜீரோக்களை எதிர்த்து எழும்பிய பிரிட்டிஷ் ஹரிக்கேன்களின் இனத்துக்கும் ஒரு நிறக்கதை உண்டு. 1940 ஜூனில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பகுதிக்கு ‘ஸ்கை’ என்ற நிறத்தை அடிக்க ஆணை வந்தது. பெயர் வானம் என்றாலும் நிறம் வாத்துமுட்டை ஓட்டின் மங்கல் பச்சை. உளவுப் புகைப்பட விமானங்களைத் தொடங்கிவைத்த சிட்னி காட்டன், லண்டனுக்கு அருகே ஹெஸ்டன் விமான நிலையத்தில் ஜோத்பூர் மகாராஜாவின் விமானம் கிளம்பிப் போனதும் வானத்தோடு கலந்து மறைந்ததைப் பார்த்துத்தான் தனக்கு அந்தப் பச்சை தோன்றியது என்று சொல்லியிருக்கிறார். ஆணை வந்தது, பெயின்ட் வரவில்லை; படைப்பிரிவுகள் கையிலிருந்த வெளிர் நீலத்தையும் வெளிர் பச்சையையும் வைத்துச் சமாளித்தன. 1941 ஆகஸ்டில் மேல்பகுதியின் பழுப்புக்குப் பதிலாக ஓஷன் கிரே என்ற கடல்சாம்பல் வந்தபோதும் அதே நிலை. அது கிடைக்கும்வரை மீடியம் ஸீ கிரே என்ற இன்னொரு சாம்பல் ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு என்று கலந்து அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். விமானக் கொட்டகையில் வாளியில் ஏழுக்கு ஒன்று கலந்த சிப்பந்தி எவ்வளவு துல்லியமாக அளந்திருப்பார் என்று யோசித்தால், சொட்டுக் கணக்குப் பார்க்கும் நமக்கே சிரிப்பு வரும்.

இனி என் சொந்தத் தவறு. சான்றுகளை எல்லாம் படித்து, ஒரு கலவையை முடிவுசெய்து, இரவு பதினொரு மணிக்கு மேசையின் எல்ஈடி விளக்கில் அட்டையோடு ஒப்பிட்டு, அச்சு அசலாக ஒத்துப்போனதும் இறக்கையின் அடிப்பகுதியில் அடித்துவிட்டேன். காலையில் பால்கனியில் பார்த்தால் தண்ணீர்த்தொட்டிப் பாசி. அட்டையும் விமானமும் இரவில் ஒன்றாக இருந்தவை, பகலில் வேறு வேறாக நின்றன. வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு பூச்சுகள் ஒரு விளக்கில் ஒத்திருந்து மற்றொன்றில் பிரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியைப் புடவையோடு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்க்கும் ஒவ்வொரு பெண்மணிக்கும் இது பெயரில்லாமலே தெரியும். எனக்கு ஒரு குப்பி தின்னரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவான பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தவறு, வெள்ளை கலந்தது. சிறிய மாடலில் முழு அளவு விமானத்தின் நிறத்தை அப்படியே அடித்தால் இருண்டு தெரியும், ஆகவே 1/72க்கு 15 சதவீதம், 1/48க்கு 10 சதவீதம் வெளுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு மாடல்காரர்களிடையே நெடுநாளாக உண்டு. தூரம் கூடக் கூடக் காற்று நிறத்தை வெளுக்கச் செய்கிறது என்பது அதற்குச் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1/72 மாடலை 30 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பது அசல் விமானத்தை 21.6 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தெருவின் எதிர்ச்சாரியில் நிற்கும் பேருந்து அவ்வளவு தூரம் இருக்கும். அந்தப் பேருந்தின் நிறம் காற்றால் 15 சதவீதம் வெளுத்து நான் பார்த்ததில்லை. மாடல் இருண்டு தெரிவது உண்மைதான், ஆனால் காரணம் விளக்கு. கப்பல் தளத்தில் ஜீரோ நின்றது ஒரு லட்சம் லக்ஸ் வெயிலில். என் அலமாரியில் முந்நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு நிறத்தின் செறிவும் குறைந்து தெரியும். ஹன்ட் விளைவு என்று இதற்குப் பெயர். அப்படியிருக்க வெள்ளையைச் சேர்த்தால் ஏற்கெனவே மங்கித் தெரியும் நிறத்தின் மிச்சச் சாயலையும் கழுவிவிட்டதாக ஆகும். வெளுக்கத்தான் வேண்டும் என்றால் வெள்ளைக்குப் பதிலாகச் சந்தன நிறத்தைச் சேர்க்கலாம். வெளிச்சம் ஏறும், பாகுச்சாயலும் நிற்கும்.

மூன்றாவது விஷயம் தவறில்லை, தற்செயலாகக் கண்டது. கலவைச் சோதனை அட்டை ஒன்றில், பழைய டீக்கால் (ஒட்டுப்பட) தாளில் மிஞ்சிய ஹினோமாரு ஒன்றைச் சும்மா ஒட்டிவைத்தேன். சிவப்பு வட்டம் ஏறியதும் சுற்றியிருந்த சாம்பல் சட்டென்று பச்சைக்குத் தாவியது. பெயின்ட் மாறவில்லை, சிவப்புக்குப் பக்கத்தில் வைத்த எந்தச் சாம்பலும் கண்ணுக்குப் பச்சைச்சாயலோடு தெரியும் என்பது வண்ணம் தீட்டுபவர்களுக்குப் பழகிய பாடம். அப்படியானால் ஒவ்வொரு ஜீரோவும் தன் உடலிலேயே ஆறு சிவப்பு வட்டங்களைச் சுமந்துகொண்டு தன் சாம்பலைப் பச்சையாக்கிக் காட்டியிருக்கிறது. பறக்கும்போது பார்த்தவர்கள் சாம்பல்பச்சை என்று சொன்னதில் பெயின்டின் பச்சை ஒரு பங்கு, சிவப்பு கொடுத்த பச்சை ஒரு பங்கு. வெற்று அட்டையில் போதுமான அளவு பச்சையாகத் தெரியும் கலவை, டீக்கால் ஒட்டியதும் அளவு மீறிவிடும். அன்றிலிருந்து சோதனை அட்டையில் ஒரு சிவப்பு வட்டமும் ஒரு வெள்ளைப் பட்டையும் இல்லாமல் நான் எந்தக் கலவையையும் ஒத்துக்கொள்வதில்லை.

கடைசியில் அடித்தது இது. அக்ரிலிக் வெள்ளை இருபது சொட்டு, மஞ்சள் காவி எட்டு, கறுப்பு நான்கு, பச்சை தனியாக ஒரு சொட்டும் இல்லை. காவியும் கறுப்பும் சேர்ந்தே வேண்டிய அளவு பச்சையைக் கொண்டுவந்துவிட்டன. காலை பத்து மணிக்கு, நேர்வெயில் படாத வடக்குச் சன்னலோரத்தில் கலந்தேன். பட்டறைப் பெரியவரின் கேள்விக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது: என்னுடையது 1942 ஏப்ரல் மாத விமானம். சில மாதங்கள் கடலில் இருந்தது, ஆனால் பறக்காத நேரத்தில் பெரும்பாலும் கப்பலின் உள்தளத்தில் நிழலில் நின்றது, பராமரிக்க ஆட்கள் இருந்தார்கள். பானெட்டை விட டேங்க் மூடிக்கு நெருக்கமான வயது. 1943க்குப் பின் ரபாவுல் போன்ற தரைத்தளங்களில் நின்ற பச்சை ஜீரோக்கள் பெயின்ட் உரிந்து வெள்ளிச் சொறியோடு தெரியும் படங்களைப் பார்த்துவிட்டு, விமானந்தாங்கி ஜீரோவுக்கும் அதே சொறியை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் விமானி ஏறும் இடத்தில் மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். மேலே முழு மினுக்கமும் இல்லாத, மங்கலும் இல்லாத பாதி மினுக்க வார்னிஷ். அது ஏறிய கணத்தில் நிறம் ஒரு படி ஆழமாகி, வெங்காயம் வதங்கிப் பச்சைவாசனை போகும் கட்டத்தின் நிறத்தைச் சாம்பலுக்குள்ளிருந்து காட்டியது.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது. ஜீரோவின் உடலும் இறக்கையும் அலுமினியத் தகடு என்றாலும் வாலின் திசைமாற்றியும் உயரமாற்றிகளும் இறக்கையோர அசைதகடுகளும் துணி போர்த்தியவை. துணிக்குப் பூசும் டோப் வேறு பொருள் என்பதால் அந்தப் பகுதிகள் பாகுச்சாயல் குறைந்து, வெறும் சாம்பலாகத் தனித்துத் தெரிந்தன. ஐந்து மாதத்துக்கு முன் நான் வாங்கிய அந்த முதல் குப்பி, மழைமேகச் சாம்பல், அட்டையில் அடித்தது போகப் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதில் என் கலவையிலிருந்து நான்கு சொட்டு விட்டு, வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் அடித்து, சன்னலோரத்தில் காயவைத்திருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குப் பார்க்க வேண்டும்.